பதினேழாம் எண் தவளை

கதவு படாரென்று அடிக்காமல் பிடித்துக்கொள்ளும் தவளைகளை நான் தைக்கிறேன். பழைய ஜீன்ஸ் துணியில் உடம்பு, அடியில் சலித்த மணல், மேலே பஞ்சு, தலையில் இரண்டு பெரிய பொத்தான் கண்கள். கதவோரம் உட்கார வைத்துவிட்டால் புயல் வந்து கெஞ்சினாலும் கதவு அசையாது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். ஓடுவதை நிறுத்துவது எனக்குக் கைவந்த கலை.

வீட்டில் அறுபத்திரண்டு தவளைகள் சேர்ந்துவிட்டன. கதவு மொத்தமே ஐந்துதான். ஒருநாள் காலையில் என் மனைவி மூன்று தவளைகள் தடுக்கி, நான்காவதன் மேல் விழுந்து, ஐந்தாவதை எடுத்து என் மேல் எறிந்தாள்.

"ஏங்க, அந்த வீட்டுத் தொழில் மாநாட்டுக்குப் போயிட்டு வாங்க. ஆர்டரோட வந்தா தையல் மெஷின் ஹால்ல இருக்கும். சும்மா வந்தீங்க, அது பரணுக்குப் போயிடும். நீங்க மறுநாள் காலையிலேர்ந்து சம்பந்தியோட வாக்கிங் போவீங்க."

மெஷின் பரணுக்குப் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். சம்பந்தியோடு நடப்பதா!

சம்பந்தி என் மகளின் மாமனார். தங்கமான மனிதர். ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவர். யாரும் எதிர்த்துப் பேச முடியாத உத்தியோகம். ஓய்வுபெற்றும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒருமுறை அவரோடு பூங்காவை முக்கால் மணி நேரம் சுற்றினேன். வீடு திரும்பியபோது என் இரண்டு காதும் தனித்தனியாக ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

அந்த மனிதரையே துணைக்கு அனுப்பினாள் என் மனைவி. துணைக்கு என்றது எனக்காகச் சொன்னது. அவரிடம் சொன்னது வேறு: "சம்பந்தி, இவரைப் பட்டன் கடைப் பக்கமே விடாதீங்க. போனா நாலு கிலோ வாங்கிட்டு வந்துடுவாரு."

நகரத்துக்கு நாலு மணி நேர பஸ். ஓட்டுநர் திருப்பத்தில் வேகமாகப் போகும்போதெல்லாம் நான் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கியது. சம்பந்தியோ நான் சாம்பிளுக்குக் கொண்டுவந்த தவளையைக் கழுத்துக்கு அண்டக் கொடுத்துத் தூங்கினார். அதைத்தான் மேடையில் காட்டப்போகிறேன், அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்தது. ஆனாலும் மகளைக் கொடுத்த இடம், என்ன சொல்ல முடியும்? "சௌகரியமா இருக்கா சம்பந்தி?" என்றுதான் கேட்க முடிந்தது.

மாநாட்டு மண்டப வாசலில் பார்த்தால் தவளைக்கு ஒரு கண் இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சம்பந்தி" என்றார் அவர், கன்னத்தில் நாலு ஓட்டைப் பொத்தான் அச்சு பளிச்சென்று பதிந்திருக்க.

உள்ளே மூவாயிரம் பெண்கள். சரி, முந்நூறு. ஆண்கள் நாங்கள் இருவர் மட்டும். கழுத்தில் மாட்டிய அட்டையில் என் பெயருக்கு முன்னால் 'திருமதி' என்று அச்சிட்டிருந்தார்கள். மெழுகுவத்திக்காரி ஒருத்திக்கும் சோப்புக்காரி ஒருத்திக்கும் நடுவில் சிக்கி, 'உங்கள் பொருளை மூன்று நிமிடத்தில் விளக்குவது எப்படி' என்ற பேச்சை ஒன்றரை மணி நேரம் கேட்டேன். அதற்குப் பிறகுதான் முக்கியமான விஷயம் தெரிந்தது: மதியம் பெரிய கடைக்காரர்கள், விடுதி நடத்துபவர்கள் என்று வாங்குகிறவர்கள் வந்து முன் வரிசையில் உட்காருவார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம் மேடை. என் எண் பதினேழு. எப்படியும் மூன்றே காலுக்கு என் முறை. கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த எண்.

ஒற்றைக் கண் தவளையோடு மேடை ஏறுவதா? சாப்பாட்டு இடைவேளை விட்டதும் போனை அங்கேயே சார்ஜில் போட்டுவிட்டு, தவளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க சம்பந்தி?"

"சும்மா காலாற."

"பட்டன் கடைக்குத்தானே?"

"நீங்க தின்ன கண்ணுக்கு வேற எங்க போறது?"

கன்னத்தைத் தடவிக்கொண்டே கூட வந்தார்.

மூன்றாவது சந்தில் கடை. கடைக்காரர் தவளையின் மிச்சக் கண்ணைத் தடவிப் பார்த்தார். "இது பழைய மேல்கோட்டுப் பட்டன். கறுப்பு, ஓரத்துல வெள்ளை வளையம். இருந்தா பின்னறையிலதான் இருக்கும். போய்த் தேடிக்கங்க. நான் சாப்பிடப் போறேன், மூணரைக்குத்தான் வருவேன். ஷட்டரைப் பாதி இறக்கி வெக்கிறேன், குனிஞ்சு வெளிய போயிடுங்க. ஒண்ணே ஒண்ணு, அந்த அறைக் கதவு தானா மூடிக்கும். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. செங்கல் வெச்சிருக்கேன், அதைத் தொடாதீங்க."

செங்கல்! கதவுக்கு முட்டாகச் செங்கல்! அறுபத்திரண்டு தவளைகளைப் பெற்றவன் கண்முன்னால் செங்கல்! ரத்தம் கொதித்தது. கடைக்காரர் தலை மறைந்ததும் செங்கல்லைக் காலால் வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் என் தவளையை உட்கார வைத்தேன். கதவு அதன் முதுகில் வந்து சாய்ந்து, அப்படியே நின்றது.

"பார்த்தீங்களா சம்பந்தி?"

"பார்த்தேன். ஒத்தைக் கண்ணால நம்மளை முறைக்குது."

அந்த அறையைப் பற்றி என்ன சொல்வது! தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருப்பதன் மாதிரி ஒரு பொத்தான் தைத்திருந்தது. லட்சம் கண்கள் என்னைப் பார்த்தன. நான் அவற்றைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம் போனதே தெரியவில்லை. கடைசியில் கீழ்த்தட்டில், மூலையில் ஒரு பெட்டி. கறுப்பு. வெள்ளை வளையம். நாலு ஓட்டை.

அளவு சரியா என்று பார்க்க வேண்டாமா? பொத்தானைத் தவளையிடம் கொண்டுபோனேன். அங்கே வெளிச்சம் போதவில்லை. தவளையை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக அதே கண்.

"கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன். பின்னால் 'டொக்'கென்று ஒரு சத்தம்.

நானும் சம்பந்தியும் திரும்பிக் கதவைப் பார்த்தோம். பிறகு அவர் என் கையிலிருந்த தவளையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கதவில் கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. விரல் விட்டேன், ஊசி விட்டேன், சம்பந்தியின் மூக்குக்கண்ணாடிக் காதை விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேருமாகத் தட்டினோம். சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏழு நடைமேடைக்கும் கேட்ட அந்தக் குரலில், "யாராவது இருக்கீங்களா?" என்றார். அட்டைப் பெட்டிகள் அத்தனை குரலையும் குடித்துவிட்டு ஏப்பம்கூட விடவில்லை.

"உங்க போன் சம்பந்தி?"

"சார்ஜ் இல்ல. காலையிலேயே செத்துப்போச்சு."

உட்கார ஒரே ஒரு முக்காலி. "நீங்க உட்காருங்க சம்பந்தி." "ஐயோ, நீங்க உட்காருங்க." "வயசுல பெரியவர், நீங்க." "முழங்கால் வீங்கினவர், நீங்க." இப்படியே கால் மணி நேரம் இருவரும் நின்றோம். முக்காலி மட்டும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அறை புழுங்கியது. ஜன்னல் கிடையாது. மேலே ஒரு சாண் வென்டிலேட்டர், அதிலும் சிலந்தி குடியிருந்தது. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் ஊசி நூலை எடுத்துக் கண்ணைத் தைக்க ஆரம்பித்தேன். மணி இரண்டே முக்கால் இருக்கும். மேடையில் ஆறாம் எண்ணோ ஏழாம் எண்ணோ பேசிக்கொண்டிருப்பாள். நினைக்க நினைக்கச் சுவர்கள் நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்தன. பரணில் ஏறும் மெஷின் கண்ணில் தெரிந்தது.

கடைசி முடிச்சைப் போடும்போது மணி மூன்று. அப்போதுதான் சம்பந்தியின் சட்டைப்பை பாடியது.

நான் ஊசியோடு நிமிர்ந்தேன். அவர் பையைப் பொத்தினார். அது விடாமல் பாடியது. வேறு வழியில்லாமல் எடுத்தார். என் மனைவியின் குரல் எனக்கே கேட்டது: "சம்பந்தி, இவரு பட்டன் கடைக்குப் போகலையே?"

"அதெல்லாம்... அசையாம ஒரே இடத்துல இருக்காரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"செத்த போனுக்கு உயிர் வந்துடுச்சு போல" என்றேன்.

மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஆர்டர் கிடைச்சா நீங்க மெஷினை விட்டு எழுந்திரிக்க மாட்டீங்க சம்பந்தி. என் சம்சாரம் போனப்புறம் வீட்டுல நான் பேசறதுக்குச் சுவர்தான் இருக்கு. பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா சாயங்காலம்தான். நீங்க தோத்தா வாக்கிங் வருவீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. கண்ணைப் பிச்சது நான் இல்ல, சத்தியமா. அது தூக்கத்துல. ஆனா போன் விஷயம்..." மேலே பேசாமல் போனை நீட்டினார். "நாலு பர்சென்ட் இருக்கு. பேசுங்க."

கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். தவளைக்குக் கூடப் பிறந்தவன் மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது?

பெட்டியில் அச்சிட்டிருந்த கடை எண்ணுக்கு அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், கல்லாமேல், போன் கணீரென்று அடித்தது. நாங்கள் இருவரும் அதைப் பரிதாபமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்று பர்சென்ட்.

கழுத்து அட்டையின் பின்னால் மாநாட்டு நிர்வாகி அம்மாவின் எண் இருந்தது.

"பதினேழா? சார், இப்ப பதினாலு பேசிட்டிருக்காங்க. எங்க இருக்கீங்க?"

"பட்டன் கடையில மாட்டிக்கிட்டேம்மா. கதவு மூடிக்கிச்சு."

"நீங்க கதவுக்குத் தவளை செய்யறவர்தானே?"

"...ஆமாம்மா."

அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒரு சத்தம். சிரிப்பை அடக்கியிருப்பாள். "லைன்லயே இருங்க. உங்க முறை வந்ததும் மைக்குல பிடிக்கிறேன். ஆள் வரணும்னுதான் விதி, குரல் வரக்கூடாதுன்னு இல்ல."

இரண்டு பர்சென்ட். பதினாறாம் எண்ணுக்குக் கைதட்டும் சத்தம். அப்புறம் "அடுத்தது பதினேழு" என்றது மைக். ஒரு வாரம் மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு வரிகூட நினைவில்லை. கையில் இரண்டு கண் தவளை என்னைவிடத் தைரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பேசுங்க சம்பந்தி!"

தலையை ஆட்டினேன். வரவில்லை.

சம்பந்தி எழுந்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார். முதுகை நிமிர்த்திச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாநாட்டுக்கு வந்திருப்பவர்களின் கனிவான கவனத்திற்கு. மூன்றே கால் மணிக்கு மேடைக்கு வந்துசேர வேண்டிய பதினேழாம் எண் தவளை, பொத்தான் கடைப் பின்னறையில் காலவரையின்றித் தாமதமாகியுள்ளது. இதனால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம். இந்தத் தவளை கதவோரம் இருந்தவரை கதவு மூடவில்லை. இதைச் செய்தவரே கையில் எடுத்து அழகு பார்த்த காரணத்தால் கதவு மூடிக்கொண்டது. பொதுமக்கள் தங்கள் தவளையை எக்காரணம் கொண்டும் கதவிலிருந்து அகற்ற வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மண்டபம் வெடித்தது. முந்நூறு பெண்கள் சிரித்தால், சரி, அதை மூவாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்: "எங்க விடுதியில காத்தடிச்சா அத்தனை ரூம் கதவும் படார் படார்னு அடிக்குது. அது எவ்வளவு நேரம் தாங்கிச்சு?"

எனக்கு எப்படியோ குரல் வந்தது. "இருபத்தஞ்சு நிமிஷம்மா! அது இன்னும் தாங்கியிருக்கும், நான்தான்..."

போன் உண்மையாகவே செத்தது.

அதற்குப் பிறகு வந்த கால் மணி நேரம் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸைவிட நீளம். வாங்கினாளா, வேண்டாம் என்றாளா, அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்களா, ஒன்றும் தெரியாது. கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சம்பந்தி சட்டை நுனியால் தவளையின் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்குக் கதவு திறந்தது. கடைக்காரர் கையில் செங்கல். "இதை யாரு தள்ளிவிட்டது?" என்றார். இருவரும் தவளையைக் காட்டினோம்.

மண்டபத்துக்கு ஓடினோம். வீங்கின முழங்காலோடு நான் ஓடியதைப் பார்த்து ஒரு பஸ்ஸே ஒதுங்கி வழிவிட்டது. மேடையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகி அம்மா என் போனையும் ஒரு சீட்டையும் கொடுத்தாள். விடுதி அறைகள் நூற்றி இருபது. அறைக்கு ஒரு தவளை. இரண்டு மாதத்தில் வேண்டும்.

பரணும் வேண்டாம், பூங்காவும் வேண்டாம்! துள்ளிக் குதித்துவிட்டுத் திரும்பினால், சம்பந்தி தவளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். "ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்றார். முகத்தில் கடைசி ரயிலை அனுப்பிவிட்ட களைப்பு.

எனக்கு எங்கிருந்துதான் அந்த இரக்கம் வந்ததோ. "இதோட சேர்த்துத் தயாரா இருக்கறது அறுபத்திரண்டு. மிச்சத்துக்கு மணல் சலிச்சுக் கொட்ட ஒரு ஆள் வேணும் சம்பந்தி" என்று சொல்லித் தொலைத்தேன்.

இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறார். எனக்கு எதிரே உட்கார்ந்து மணல் சலிக்கிறார். மெஷின் சத்தத்தையும் மீறிப் பேசுகிறார். நின்றுபோன ரயில்கள், வராத ரயில்கள், தவறான நடைமேடைக்கு வந்த ரயில்கள். மாலை ஆறு ஆகிறது அவர் எழுந்திருக்க. வாக்கிங் போயிருந்தாலாவது முக்கால் மணி நேரத்தில் விட்டிருப்பார். நேற்று நைசாக எழுந்து வெளியே நழுவப் பார்த்தேன். என் மனைவி வெளியிலிருந்து கதவைச் சாத்தியிருந்தாள். அவளுக்குச் சத்தம் தாங்கவில்லையாம். அந்தக் கதவுக்கு இருந்த தவளையைக் காணோம். நூற்றி இருபதில் ஒன்று குறைந்ததென்று காலையில் நானேதான் எடுத்துப் பெட்டியில் போட்டேன்.