ஸ்டேட்டா, செயின்ட் ஒடீலா

கிளம்புகிற நேரத்தில் கார்லா டிரக்கின் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னாள். முதியோர் இல்லத்தில் அன்று அவள் வேலையைப் பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவளே போயிருப்பாள், புருஷனை நம்பி மகளை அனுப்பியிருக்க மாட்டாள்.

"லோவெல், அங்க என்ன காட்டினாலும் பாருங்க, என்ன போட்டாலும் சாப்பிடுங்க. ஆனா சரின்னு மட்டும் சொல்லிட்டு வராதீங்க. வீட்டுக்கு வந்து மூணு பேரும் உக்காந்து பேசுவோம்."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? விளையாடப் போறவ அவ."

"அதையேதான் நானும் சொல்றேன்."

பக்கத்து இருக்கையில் பிரிட்டா முழங்காலை மடக்கி உட்கார்ந்து சிரித்தாள். பதினேழு வயது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆர்லோ என்ற அவர்கள் சின்ன ஊரில், பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். அவள் ஆடுகிற வெள்ளிக்கிழமைகளில் ஊரில் கடை திறந்திருக்காது. இரண்டு கல்லூரிகள் அவளைக் கேட்டிருந்தன. ஒன்று, எல்லோரும் வெறுமனே ஸ்டேட் என்று சொல்கிற பெரிய பல்கலைக்கழகம். படிப்பு, சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் அவர்கள் செலவு. இன்னொன்று செயின்ட் ஒடீல். சின்னக் கல்லூரி, பாதிதான் கொடுக்க முடியும். மீதிப் பாதிக்கு வீட்டை அடகு வைக்க வேண்டும். மாடுகளை விற்ற பிறகு தானியக் கிடங்கில் லாரிக்கு மூட்டையேற்றுகிற லோவெலுக்கு அந்த மீதிப் பாதியை நினைத்தாலே ராத்திரித் தூக்கம் போய்விடும்.

பிரிட்டாவுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அம்மா வேலை செய்யும் இடத்தில் கோடை விடுமுறைகளில் கிழவர்களுக்குச் சோறு ஊட்டி, பாத்திரம் கழுவி, அங்கேயே முடிவு செய்துவிட்டாள். செயின்ட் ஒடீலில் நர்சிங் படிப்புக்கென்றே ஒரு கட்டடம் இருந்தது. போன வாரம் அதைப் பார்க்கப் போனபோது, அதிகாலைப் பயிற்சிக்கு இரண்டு பெண்கள் ஆஸ்பத்திரி உடுப்போடு வந்து, ஆடி முடித்ததும் ஈரத்தலையோடு வார்டுக்கு ஓடினார்கள். அவர்களுக்காகவே பயிற்சி நேரத்தை விடியலுக்கு மாற்றியிருந்தாள் கோச் மேவிஸ். அணியின் பழைய பஸ்ஸை ஓட்டுவதும் மேவிஸ்தான். திரும்பும் வழியெல்லாம் பிரிட்டா அதையே பேசினாள். லோவெலுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த பஸ்ஸின் வழுக்கை டயர்கள்.

இந்த வாரம் ஸ்டேட்டில் அவனுக்கு வாய் மூடவில்லை. அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் பிளந்திருப்பார்கள். உடை மாற்றும் அறையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர் பொறித்த தோல் நாற்காலி. பெண்களுக்கென்றே தனிப் பயிற்சி மைதானம். வெளியூர் ஆட்டத்துக்குத் தனி விமானம். சமையல்காரர் வந்து, "உனக்கு எது ஒத்துக்காது, கண்ணு?" என்று பிரிட்டாவைக் கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் படிப்புப் பகுதிக்குக் கூட்டிப்போனார்கள். விளையாடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு மாடி முழுக்க, வகுப்பெடுக்கத் தனி ஆசிரியர்கள்.

"எங்க பொண்ணுங்க அத்தனை பேரும் பட்டம் வாங்கிட்டுத்தான் போறாங்க. ஒருத்தர்கூட பாக்கியில்ல" என்றாள் அங்கிருந்த அதிகாரி.

"கேட்டியா?" என்று லோவெல் மகளை இடித்தான்.

"அதுல நர்ஸ் எத்தன பேரு?" என்றாள் பிரிட்டா.

அதிகாரி சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "இப்போதைக்கு யாரும் இல்ல. ஆனா கதவு திறந்தேதான் இருக்கு."

மதியச் சாப்பாட்டில் ஜனேசா என்ற கடைசி வருஷப் பெண் அவர்களோடு உட்கார்ந்தாள். வருகிற பெண்ணைக் கவனித்துக்கொள்ள அணியில் ஒருத்தியை விடுவது வழக்கம். நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பதும் வழக்கம். ஜனேசா முதலில் அப்படித்தான் சொன்னாள். பிறகு பிரிட்டா நர்சிங் என்றதும் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன், தெரியுமா?"

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரிப் பயிற்சி பகல்ல. பிராக்டிஸும் பகல்ல. யாரும் வேணாம்னு சொல்லல. அடுத்த செமஸ்டர் பாக்கலாம்னாங்க. அதுக்கும் அடுத்தது பாக்கலாம்னாங்க. எல்லாரும் நல்லவங்கதான் இங்க, அதுதான் தொல்லை. இப்ப நான் பொதுப் படிப்பு. என்ன படிக்கிறேன்னு எங்க அம்மாவுக்கு இன்னும் புரியல, எனக்கும்தான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிரிட்டா சிரிக்கவில்லை. லோவெல் இறைச்சித் துண்டை மெல்லுவதில் மும்முரமாக இருந்தான். அவன் காது நன்றாகவே கேட்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டேட் அணியின் கோச் பிராண்டின் அறை. உயரமான அம்மாள், குரலில் தேன். கதவோரம் ஒரு பித்தளை மணி, கயிறு கட்டித் தொங்கியது. சேருகிறேன் என்று சொல்கிற பெண் அதை அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் அணி முழுதும் எங்கே இருந்தாலும் ஓடி வரும். அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது என்று சட்டமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து நவம்பரில்தான். ஆனால் மணியடித்துவிட்டுப் பின்வாங்கினவள் என்று ஒரு பெயர் வந்தால் அது இந்த விளையாட்டில் எங்கும் கூடவே வரும்.

"எனக்கு வியாழக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, கோச். அம்மாகிட்டப் பேசணும்" என்றாள் பிரிட்டா.

"தாராளமா. அவசரமே இல்ல." கோச் சற்று நிறுத்தினாள். "ஆனா பொய் சொல்ல விரும்பல. இடம் ஒண்ணுதான். டல்சாவுல இருந்து ஒரு பொண்ணு நாளைக்குக் காலைல வர்றா. அவ மணியடிச்சா நான் வேணாம்னு சொல்ல முடியாது."

பிரிட்டா தலையாட்டினாள். அவளுக்கு அதில் பதற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. ஜனேசாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அறைக்கு வெளியே நடைக்குப் போனாள். கோச்சும் ஒரு போன் பேச வெளியே போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் ஜனேசாவோடு நின்று பேசுவது லோவெலுக்குத் தெரிந்தது. தனியாக அந்த அறையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். வியாழக்கிழமை இவள் வேண்டாம் என்பாள், அது அவனுக்கு நிச்சயம். அவளும் அம்மாவும் சேர்ந்துவிட்டால் தன் பேச்சு எடுபடாது. வங்கியில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அப்படியும் முடியாமல் போனால் படிப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை. காலையில் டல்சாக்காரி வந்துவிடுவாள். அப்பன் என்கிற முறையில் தான் செய்ய வேண்டியது இதுதான் என்று அந்தக் கணத்தில் அவன் மனதார நம்பினான்.

போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

இத்தனை பெரிய சத்தம் வருமென்று அவன் நினைக்கவில்லை. எங்கெங்கிருந்தோ கதவுகள் திறந்தன. வியர்வை வழிய, ஒருத்தி ஒற்றைக் கால் செருப்போடு, பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்து நடையில் நின்ற பிரிட்டாவைத் தூக்கிவிட்டார்கள். வண்ணக் காகிதத் துகள்களை யாரோ வீசினார்கள். ஒரு பெண் அழுதேவிட்டாள். யாரோ படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜனேசா மட்டும் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

தோள்களுக்கு மேலிருந்து பிரிட்டா கண்ணாடி வழியே அறைக்குள் பார்த்தாள். அப்பாவின் கை இன்னும் கயிற்றில் இருந்தது.

"அப்போ சரிதானே, கண்ணு?" கோச் பிராண்ட் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

நான் அடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அத்தனை முகங்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பும். அங்கே தொப்பியும் கயிறுமாக ஒரு மனிதன் நிற்பான். பிரிட்டா மறுபடி ஒருமுறை அவனைப் பார்த்தாள்.

"சரி, கோச்" என்றாள்.

டிரக் நெடுஞ்சாலைக்கு வந்தது. பிரிட்டாவின் தலைமுடியில் இன்னும் காகிதத் துகள் ஒட்டியிருந்தது. தட்டிவிடச் சொல்ல நினைத்தவன் சாலையைப் பார்த்தே ஓட்டினான். பிறகு அவள் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினாள். வண்டிக்குள் இருந்தால் அந்தப் போன் எப்போதும் டிரக்கின் ஸ்பீக்கரில்தான் பேசும். மேவிஸின் கரகரத்த குரல் இருவருக்கும் நடுவே வந்தது.

"வீடியோ பாத்தேன், பிரிட்டா. நீயே கூப்பிட்டது பெரிய விஷயம். பல பேரு கூப்பிட மாட்டாங்க."

"சாரி, கோச்."

"சாரி எதுக்கு? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யாரும் உன்னைத் தள்ளலையே? நீயா எடுத்த முடிவுதானே?"

டிரக் ஓடிக்கொண்டிருந்தது. லோவெல் ஸ்பீக்கர் பக்கம் பார்த்தான். இப்போது சொல்லிவிடலாம். கோச், மணியடித்தது நான், இவளுக்கு எதுவும் தெரியாது என்று.

"நான்தான் கோச் மணியடிச்சேன்" என்றாள் பிரிட்டா.

"அப்ப சந்தோஷமா இரு. உன் இடத்துக்கு இன்னொரு பொண்ணு காத்திட்டிருக்கா, பாவம், கோடையில இருந்தே. இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடறேன். நர்சிங்க விட்றாத. அவங்க அடுத்த செமஸ்டர்னு சொன்னா நீ இந்த செமஸ்டர்னு சொல்லு."

அழைப்பு முடிந்தது. முடிந்த பிறகுதான் லோவெலுக்குக் குரல் வந்தது.

"பிரிட்டா, மறுபடி கூப்பிடு. நான் பேசறேன். நான்தான்னு சொல்றேன்."

"இப்ப அந்தப் பொண்ணு வீட்டுல போன் அடிச்சிட்டிருக்கும்ப்பா."

"கையெழுத்து நவம்பர்லதானே? இன்னும் எதுவும்..."

"அவங்கெல்லாம் ஓடி வந்த நேரத்துல சொல்லியிருக்கலாம். மேவிஸ் கேட்டப்போ சொல்லியிருக்கலாம். இப்ப சொன்னா உங்க மனசு ஆறும், அவ்வளவுதான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். ஓரமாக நிறுத்தி அழுதுவிடலாம் போலிருந்தது. நிறுத்தாமல் ஓட்டினான்.

ஆர்லோ எல்லையில், இருட்டுகிற நேரத்தில், சாலையின் குறுக்கே தீயணைப்பு வண்டி விளக்குகள் சுழல நின்றது. பெரிய போட்டிக்குப் போய் ஜெயித்து வருகிறவர்களை அதன் பின்னால் ஊர்வலமாகக் கூட்டிப்போவதுதான் ஊர் வழக்கம். வீடியோ அதற்குள் எல்லோர் கைக்கும் வந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியக் குழு, கிடங்கில் அவனோடு மூட்டையேற்றுகிறவர்கள், பாதிரியார், எல்லோரும் ரோட்டோரம் நின்றார்கள். கிடங்குக்காரன் ஹென்ரிக் ஓடி வந்து, "பெரிய ஆளாயிட்டய்யா!" என்று ஸ்டேட்டின் சிவப்புத் தொப்பி ஒன்றை லோவெலின் தலையில் அழுத்தினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கார்லா வந்தாள். முதியோர் இல்லத்துச் சீருடையை இன்னும் மாற்றவில்லை. லோவெல் பக்கத்து ஜன்னலில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தாள்.

"பேசிட்டு முடிவு பண்ணலாம்னுதானே சொன்னேன்? யாரு சரின்னு சொன்னது?"

பிரிட்டா வாய் திறந்தாள். இந்தத் தடவை அவன் முந்திக்கொண்டான்.

"நான்தான் மணியடிச்சேன், கார்லா. அவ வெளிய நின்னுட்டிருந்தா. அவளக் கேக்கல."

கார்லா அவனையே பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தான். பின்னால் வாத்தியக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ, "பிரிட்டா! பிரிட்டா!" என்று கோஷம் போட்டார்கள்.

"செயின்ட் ஒடீல் என்னாச்சு?" என்று மகளைக் கேட்டாள்.

"இடம் போயிடுச்சும்மா. வேற பொண்ணு."

கார்லா சுற்றி வந்து கதவைத் திறந்து, மகளை நடுவில் தள்ளி உட்கார வைத்துத் தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். மகளின் தலைமுடியிலிருந்த காகிதத் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சீருடைப் பையில் போட்டாள். புருஷன் பக்கம் திரும்பவில்லை.

"ஓட்டுங்க" என்றாள். "எல்லாரும் நின்னுட்டிருக்காங்க."

தீயணைப்பு வண்டி மெல்ல நகர்ந்தது. லோவெல் அதன் பின்னால் நடை வேகத்தில் ஓட்டினான். இரண்டு பக்கமும் ஊர் நின்று கையசைத்தது. பிரிட்டா அம்மாவின் மடிமேல் எட்டிச் சாய்ந்து ஜன்னலை இறக்கி, வீடு வரும்வரை எல்லோருக்கும் திருப்பிக் கையசைத்துக்கொண்டே வந்தாள்.