இடது பெடலில் நான்கு சுற்று

செவ்வாய்க்கிழமை லோடு ஏற்றினால் வியாழக்கிழமை வரை எனக்கு இடுப்பு நிமிராது. வலி முதுகின் அடியில் பிடித்து, தொடை வழியாக முழங்காலுக்கு இறங்கும். பதினான்கு வயதிலிருந்து தூத்தா சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறேன், இப்போது முப்பத்தெட்டு. எங்கள் கொட்டகையில் இருக்கும் பதினொரு பேருக்கும் இதே வலி இருப்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூக்குவதை விடக் கட்டுவதில்தான் எனக்குப் பெயர். லாரியில் அடுக்கிக் கயிறு போட்டு, முடிச்சு விழுந்த பிறகும் கடைசியாக ஓர் இழுப்பு இழுப்பேன். நான் கட்டிய லோடு தலைநகர் பொகொத்தா வரை போய் ஒரு மூட்டை சரிந்ததில்லை. எவெலியோ கட்டினதா என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் டிரைவர்கள் வண்டியை எடுப்பார்கள்.

என் தங்கை நெல்சி எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். மேட்டுச் சரிவில் ஆறு மாடு வைத்திருக்கிறாள். விடியற்காலை கறந்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் பால்கேனைத் தொங்கவிட்டு இறங்குவாள். ரோட்டில் நிற்கும் பால் வண்டியில் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு மேடேறுவாள். அந்த மேட்டில் மற்றவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். அவள் ரப்பர் பூட்சோடு மிதித்தே ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சைக்கிள் பந்தயங்களிலும் அதே பூட்ஸ்தான். ஆம்பிளைகளைப் பின்னால் விட்டுவிட்டு வந்து, பரிசாகக் கொடுக்கும் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பக்கத்து நகரமான துயிதாமாவில் ஒரு மகளிர் சைக்கிள் அணிக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். அக்டோபரில் மலையேற்றத் தேர்வு. இரண்டே இடம். கிடைத்தால் தங்க இடம், சாப்பாடு, சைக்கிள், மாதச் சம்பளம். ஆனால் இருபத்தைந்து முடியாதவர்கள் மட்டும்தான் வரலாம். நெல்சிக்கு நவம்பரில் இருபத்தைந்து. அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

சைக்கிள் கடை வைத்திருக்கும் தோன் அனிபால் பழைய பந்தயக்காரர். தன் மகளின் பந்தய சைக்கிளைத் தேர்வு முடியும்வரை ஓட்டிக்கொள்ளக் கொடுத்தார், ஷூவோடு. ஷூ ஓர் அளவு பெரியது, நுனியில் கம்பளித் துணி திணித்தோம். அந்த ஷூவின் அடியில் ஒரு தகடு இருக்கும். பெடலில் வைத்து அழுத்தினால் டக்கென்று கவ்விக்கொள்ளும். பிறகு காலைத் தூக்கினாலும் பெடல் கூடவே வரும், அதனால் மேட்டில் இழுத்தும் மிதிக்கலாம். எடுக்க வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மூன்று தடவையாவது விழுவாய், விழாதவர் யாருமில்லை என்று தோன் அனிபால் முதலிலேயே சொல்லிவிட்டார். ஓடும்போது விழமாட்டாயாம், நிற்கும்போதுதானாம்.

முதல் தடவை எங்கள் கொட்டகை முன்னால் விழுந்தாள். என்னிடம் ஏதோ சொல்ல பிரேக் பிடித்தாள், கால் இறங்கவில்லை, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். இரண்டு காலிலும் சைக்கிளைக் கவ்விக்கொண்டு மல்லாந்து கிடந்தவளைப் பார்த்து மூட்டைக்கார பெலர்மினோ, "தங்கச்சி, விழுந்த மூட்டைய ஏத்திவிட்டா தனிக் கூலி," என்றான்.

"மொதல்ல உன் தொந்திய ஏத்து, அப்புறம் என்னை ஏத்தலாம்," என்று கிடந்தபடியே சொன்னாள். கொட்டகையே சிரித்தது.

இரண்டாவது தடவை மாட்டுப் பட்டி வாசலில், சாணத்தில். மூன்றாவது, சர்ச்சில் பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரம். சாமியாருக்கு வணக்கம் சொல்ல நின்றாள், சொல்லிக்கொண்டே அவர் காலடியில் விழுந்தாள். இவ்வளவு பக்தி வேண்டாம் மகளே என்று அவர் கைகொடுத்துத் தூக்கியதை ஊர் ஒரு வாரம் பேசியது.

அதற்குப் பிறகு அவள் விழவில்லை. நிற்க வேண்டிய இடத்துக்கு இருபதடி முன்னாலேயே "வெளியே" என்று வாய்விட்டுச் சொல்லி இடது காலை எடுத்துவிடுவாள். எப்போதும் இடது கால்தான். மூன்று வாரம் தினமும் பார்த்ததால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

தேர்வுக்கு முந்தைய வியாழக்கிழமை வேறு தொல்லை வந்தது. மேட்டின் கடைசி வளைவில் எழுந்து நின்று மிதித்தபோது வலது கால் பெடலிலிருந்து கழன்றுவிட்டது. மார்பு ஹேண்டில்பாரில் இடித்து, கணுக்காலுக்கு மேலே தோல் உரிந்து வந்தாள். தோன் அனிபாலிடம் கேட்கலாமென்றால் அவர் நேர்த்திக்கடனுக்காகச் சிக்கின்கிரா மாதா கோயிலுக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் திரும்புவார். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. நெல்சி ஒரு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். எழுந்து நிற்கப் போவதில்லை, உட்கார்ந்தபடியே ஏறப் போகிறாள், பெடலை யாரும் தொட வேண்டாம். நான் சரி என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் மாடு கறக்கப் போன நேரத்தில் ஸ்க்ரூ திருகும் அலன் கீயை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெடலின் பின்னால் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. எந்தப் பக்கம் திருகினால் ஷூவைக் கவ்வும் ஸ்பிரிங் இறுகும் என்று தோன் அனிபால் மாட்டும்போதே காட்டியிருந்தார். வலது பெடலை நான்கு சுற்று இறுக்கினேன். அதோடு எழுந்திருக்கலாம். இடது பெடலில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு பக்கக் கயிற்றை இறுக்கிவிட்டு மறுபக்கத்தைத் தளர்வாக விட்டால் லோடு சாயும். இருபத்திரண்டு வருடம் இந்தக் கைக்குத் தெரிந்தது அதுதான். இடதையும் நான்கு சுற்று இறுக்கினேன். முடிந்த பிறகும் வழக்கம்போலக் கடைசியாக ஓர் அழுத்து.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள், உடனே பழையபடி திருகச் சொல்வாள். இன்னொரு காரணமும் உண்டு. அவள் ஜெயித்து வந்த பிறகு, கால் ஏன் கழலவில்லை தெரியுமா என்று நானே எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் பேச்சைக்கூட மனசுக்குள் ஒரு தடவை பேசிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன் வெல்லத் தண்ணீரும் அரேப்பா என்ற சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, உருளைக்கிழங்கு லாரியில் சைக்கிளைப் படுக்கவைத்துத் துயிதாமா போனோம். நெல்சியோடு சேர்த்துப் பத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். முன்னால் ஒரு ஜீப் மெதுவாகப் போகும், ஊர் எல்லை தாண்டியதும் விசில் ஊதுவார்கள், அதற்குப் பிறகுதான் பந்தயம். தொடக்கக் கோட்டில் நெல்சி வலது காலைப் பெடலில் வைத்து அழுத்தினாள். கவ்வவில்லை. மறுபடி ஓங்கி மிதித்தாள். மூன்றாவது மிதியில்தான் கவ்வியது. பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, பெடல் விறைப்பா இருக்கே. வெள்ளிக்கிழமை இப்படி இல்லியே."

அவள் இடது கால் அப்போது தரையில்தான் இருந்தது. அலன் கீ என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு நிமிட வேலை.

"குளிருல கிரீஸ் இறுகியிருக்கும்," என்றேன். "போகப் போக இளகிடும்."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதால் தலையாட்டினாள்.

ஜீப் நகர்ந்தது. இடது காலையும் ஓங்கி மிதித்துப் பூட்டிக்கொண்டு அவளும் நகர்ந்தாள். நடைபாதையில் நானும் கூடவே ஓடினேன். முன்னூறு அடிகூடப் போயிருக்காது. சந்தைக்கு மாடு ஓட்டிவந்த ஒருவன் சாலையைக் குறுக்கே கடந்தான், ஜீப் நின்றது. ஒன்பது பெண்களும் டக் டக்கென்று காலை எடுத்து ஊன்றினார்கள். நெல்சியின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். "வெளியே" என்றுதான் சொல்லியிருப்பாள். இடது குதிகாலைத் திருப்பினாள். வரவில்லை. மறுபடி திருப்பினாள். சைக்கிள் நின்றுவிட்டது. நின்றபடியே இடது பக்கம் சாய்ந்து, நடைபாதைக் கல்விளிம்பில் தோள்பட்டை பட விழுந்தாள்.

கூட்டம் சிரித்தது. இப்படி விழுந்தால் எல்லோரும் சிரிப்பார்கள், அதில் தப்பில்லை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது கையை ஊன்றி எழப் பார்த்தாள், கை வரவில்லை. அப்போதும் இரண்டு காலும் பெடலில்தான் மாட்டியிருந்தன. இரண்டு பேர் வந்து ஷூவின் பட்டையை அவிழ்த்து, காலை மட்டும் உருவி எடுத்தார்கள். ஷூ பெடலிலேயே நின்றது. தேர்வாளர் அம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, நல்ல கால்தான், ஆனால் மூன்று வாரத்தில் பழகி வந்தால் இப்படித்தான் ஆகும் என்று வருத்தமாகச் சொன்னார். பிறகு ஜீப் கிளம்பியது. ஒன்பது பேர் போனார்கள்.

காறை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவளை எக்ஸ்ரேக்கு உள்ளே கூட்டிப்போன நேரத்தில் நான் லாரிக்கு வந்தேன். பெடலில் மாட்டியிருந்த ஷூவை எடுக்க என் முழு பலமும் வேண்டியிருந்தது. மூட்டை தூக்கும் கைக்கே அப்படி. எடுத்து வைத்துவிட்டு, அலன் கீயால் இடதை நான்கு சுற்று தளர்த்தினேன். வலதையும் நான்கு சுற்று. என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வருவதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன்.

ஆறு வாரம் நானும் என் மனைவி ஒதிலியாவும் அவள் மாடுகளைக் கறந்தோம். பால்கேனை நான் இறக்கினேன். திரும்பும்போது அந்த மேட்டில் பாதியிலேயே மூச்சு நின்றுவிடும், தள்ளிக்கொண்டு வருவேன். என் இடுப்பு என்ன பாடு படும் என்று தெரிந்த நெல்சி, ஒற்றைக் கையால் வெல்லத் தண்ணீர் காய்ச்சி வாசலில் வைத்திருப்பாள். நீ இல்லாவிட்டால் மாட்டை விற்றிருப்பேன் அண்ணே என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். ஒதிலியாவும் என்னை மெச்சினாள். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பேன்.

மூன்றாவது வாரம், சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய நாள், கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டபடி நெல்சி என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதே. அன்னைக்குப் பெடல்தான் விடல. நான் சரியாத்தான் திருப்பினேன். ஒரு தடவை பாத்துக்கிறேனே."

சைக்கிளைச் சுவரில் சாய்த்து நான் பிடித்துக்கொண்டேன். இடது காலில் ஷூவைப் போட்டாள், நல்ல கையை என் தோளில் வைத்துக்கொண்டாள், பெடலில் அழுத்தினாள். கவ்வியது. குதிகாலைத் திருப்பினாள். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. மறுபடி போட்டாள், மறுபடி வந்தது. பத்துத் தடவை செய்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் எடை என் தோளில் ஏறி இறங்கியது.

கடைசியில் ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "அப்ப நான்தான். பயத்துல காலு மறந்திடுச்சு."

"விடு புள்ள, எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்றேன்.

நவம்பரில் அவளுக்கு இருபத்தைந்து ஆனது. ஒதிலியா கேக் செய்தாள். எலும்பு நன்றாகவே கூடிவிட்டது, பழையபடி அவளே பால் கொண்டுபோகிறாள். ஆனால் பால் வண்டி நிற்கும் இடத்துக்கு எவ்வளவோ முன்பே சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறாள். திரும்பும்போது மேட்டின் அடியிலேயே இறங்கி, எல்லோரையும் போலத் தள்ளிக்கொண்டு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதில்லை. பெலர்மினோ கிண்டல் செய்தபோது, என் காலை நானே நம்புறதில்ல, நீ எதுக்கு நம்புறே என்று கேட்டாள். நான் லாரியின் மேலே கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பெடலை இறுக்கியது நான், உன் கால் தப்புச் செய்யவில்லை என்று நெல்சியிடம் சொல்ல வேண்டும். இந்தக் கடன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.