பதினேழாவது அளவு

அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. மருத்துவமனையிலிருந்து உடல் நாலு மணிக்கு வரும். அவன் வேலை பார்த்த வானாய்வு நிலையத்தின் இயக்குநர் உள்ளே வந்து, அவள் கையில் ஒரு கவரைக் கொடுத்தார்.

"அவர் கடைசியா எழுதின கட்டுரைம்மா. நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஒரு தடவை நீங்க சரிபாத்துக் குடுத்துடுங்க. நீங்களும் அங்க இருந்தவங்கதானே."

இருந்தவள்தான், ஒன்பது வருஷத்துக்கு முன்னால். இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

தலைப்பைப் படித்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒன்றாய்ப் பிறந்த நட்சத்திரக் கூட்டம் ஒன்றில், சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றிவரும் ஒரு கோள். அடப்பாவி, இது அவளுடைய நட்சத்திரம்! ஆறு நாளைக்கு ஒரு தரம் அது லேசாக ஆடுவதை முதலில் பார்த்தவள் அவள். ஏதோ ஒன்று சுற்றிவந்து இழுக்கிறது என்று அண்ணனிடம்தான் ஓடினாள்.

"கோளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றான். "சின்ன வயசு நட்சத்திரம்டி. மூஞ்சியெல்லாம் பரு. அந்தக் கரும்புள்ளி சுத்திச் சுத்தி வர்றதுதான் உனக்கு ஆட்டமாத் தெரியுது. விட்டுத் தொலை."

விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் சொன்னால் சரி. நட்சத்திரத்தை விட்டாள், அந்த வருஷமே வேலையையும் விட்டாள்.

அட்டவணையின் முதல் முப்பத்தொன்பது வரிகளும் அவள் எடுத்த அளவுகள். அவள் எடுத்தது நாற்பது. பதினேழாவதைக் காணோம். அன்றைக்குப் பூமியின் ஓட்டத்தைக் கழிக்க மறந்து அளவைத் தப்பாக எழுதிவிட்டாள்; அது அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறான். அடுத்த வரி அவன் எடுத்த முதல் அளவு. தேதியைப் பார்த்தாள். விட்டுத் தொலை என்று சொன்னதற்கு மறுநாள்.

கட்டுரையில் அவன் பெயர் மட்டும் இருந்தது. சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்றால், வெறும் சட்டைதான் இருக்கிறது.

அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒன்பது வருஷம் எங்களையெல்லாம் மறந்துட்டு இதே கதின்னு கெடந்தாரு. ஒரு எழுத்துகூட மாத்த வேணாம்னு சொல்லிடு."

இயக்குநர் பேனாவை நீட்டினார். "எல்லாம் சரியா இருக்குல்லம்மா?"

தங்கை அண்ணியைப் பார்த்தாள்.

"பதினேழாவது அளவு விட்டுப்போச்சு."

"அப்படியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எடுத்தேன். அதுக்கு முன்னாடி இருக்கறதும், பின்னாடி இருக்கறதும்."

வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் தோளிலிருந்த அண்ணியின் கை மெல்ல விலகியது.