நேர் வகிடு

சந்தனா தன் சங்கு வளையைக் கல்லில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தபோதுதான், மாமியார் அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள்.

வாசலில் படகுத் தார்ப்பாய்க்குள் கிடந்தான் நிரஞ்சன். தேன் எடுக்கப் போன புருஷன். புலி பின்னாலிருந்துதான் பாயும், முகத்தைக் கண்டால் பாயாது என்று பின்மண்டையில் கட்டிப்போன முகமூடியில் ஒரு கீறல் இல்லை. இந்தத் தடவை எதிரிலிருந்து வந்ததாம்.

"மாமாவக் குத்தம் சொல்லக் கூடாது," என்றான் படகுத் தலைவன் ஹரிபதோ. புலியைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்தத் தீவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. "காட்டுல நாங்க சுத்தபத்தமாத்தான் இருந்தோம். வீட்டுலதான் எவளோ தலைவாரியிருக்கா."

புருஷன் காட்டிலிருக்கும்வரை பெண்டாட்டி எண்ணெயும் சீப்பும் தொடக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து சந்தனா தொட்டதில்லை. முந்தாநாள்தான் தொட்டாள். அதுவும் யாருக்காக?

நாத்தனார் புதுலைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். "அண்ணி, இந்தப் பரட்டைத் தலையோட நீ வந்து நின்னா என் மானம் கப்பலேறிடும். உக்காரு, நான் வாரிவிடறேன். அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாதே! அண்ணன் மேல சத்தியமா வாயத் திறக்க மாட்டேன்."

புதுலே எண்ணெய் தேய்த்தாள், புதுலே வகிடெடுத்தாள். தாயில்லாத சந்தனாவுக்கு அந்தக் கை இதமாக இருந்தது.

மாமியார் அவள் தலையை முகர்ந்தாள். "அடிப்பாவி! எம்புள்ளய முழுங்கிட்டியேடி!"

"அத்தை, நானா வாரல. புதுல், நீயே சொல்லு."

கூட்டத்தில் மாப்பிள்ளையின் தாயும் நின்றிருந்தாள். புதுல் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன். அண்ணி கேக்கல."

"உங்கண்ணன் பொணத்து முன்னாலயே பொய் சொல்றியேடி! நாக்கு அழுகிடும்!" என்று சந்தனா கத்தினாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"இனி இவளத் தொட்டா எனக்குப் பாவம் ஒட்டும். இன்னியோட இந்த வாசல்ல இவளுக்கு வேலையில்ல," என்றாள் மாமியார். "புதுல், வகிட்டுக் குங்குமத்த நீ அழி."

புதுல் ஈரத்துணியோடு எதிரில் வந்து குந்தினாள். சந்தனா கண்ணை மூடவில்லை.

வகிட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. முந்தாநாள் எடுத்தது இன்னும் கலையாமல் நேராக இருந்தது. நெற்றியிலிருந்து உச்சிவரை புதுல் ஒரே இழுப்பாகத் துடைத்தாள். துணியில் சிவப்போடு எண்ணெயும் சேர்ந்து வந்தது.