இடப்பக்க மார்ஜின்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பாள் அம்மா. வராமல் என்ன செய்யும்? கரையான்சாவடி மெயின் ரோட்டில் பால்ராஜ் சாரின் கம்ப்யூட்டர் சென்டர். அங்கே டைப்பிஸ்ட் என்ற பெயரில் ஒரு வருஷம் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு 'பேசிக்' என்கிற கம்ப்யூட்டர் மொழிப் பாடம் முழுக்க நடத்தியது நான். தொண்ணூற்று மூன்றில் இன்ஸ்ட்ரக்டர் வேலை என்று வந்ததும் அவர் பரீட்சைக்குக் கூப்பிட்டதோ சம்பத்தை. அம்பத்தூர்க்காரர், பி.எஸ்ஸி. கணிதம்.

"நானும் பரீட்சை எழுதுறேன் சார்."

"நீ டைப்ரைட்டிங் ஹையர்தானேம்மா ஜெயகுமாரி?"

"அதுக்கு இன்னா சார்? யாரு போட்ட ப்ரோக்ராம் ஓடுதோ அவங்களுக்கு வேலை. சரிதானே?"

பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரி என்று தலையாட்டிவிட்டார்.

கணக்கு இதுதான். வலது மூன்று, கீழே இரண்டு என்று வரிசையாகக் கட்டளைகள் வரும். போகிற இடமெல்லாம் திரையில் நட்சத்திரக்குறி விழ வேண்டும். 'தூக்கு' என்றால் குறி விழாமல் நகர வேண்டும். கடைசியில் படம் தெரிய வேண்டும். கட்டளைகளை சார் ஒரு ஃபிளாப்பியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

சம்பத் அரை மணியில் முடித்துவிட்டார். "திரைக்குக் குறுக்கால எண்பது இடம். நடுவுல ஆரம்பிச்சா எந்தப் பக்கம் போனாலும் இடம் கீது," என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அது சரிப்படவில்லை. டைப்பில் அட்டவணை அடிக்கும்போது, நீளமான வரியை எண்ணிப் பார்க்காமல் யாராவது இடப்பக்க மார்ஜின் வைப்பார்களா? வைத்தால் தாள் வீண். அதனால் கட்டளைகளை முதலில் ஒருமுறை வரையாமலே நடந்துபார்த்து, எவ்வளவு இடம் வேண்டும் என்று எண்ணிக்கொள்ளும்படி எழுதினேன். வரைவது அதற்கப்புறம்தான்.

சார் ஃபிளாப்பியைப் போட்டார். சம்பத்தின் ப்ரோக்ராம் இடது பக்கமே போய்ப் போய், ஓரத்தைத் தாண்டி எரர் காட்டி நின்றது. அவர் முகம் சுருங்கிப்போனது.

அடுத்தது என்னுடையது. திரை வெறுமையாக இருந்தது. ஒரு புள்ளிகூட விழவில்லை.

"இன்னாம்மா, உன்னுது தூங்கினு கீதா?" என்று சார் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"கை வைக்காதீங்க சார்! அது எண்ணினு கீது!"

நான் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டார். மேலிருந்து வரி வரியாக நட்சத்திரங்கள் இறங்கின. பெரிய பெரிய ஆங்கில எழுத்துகள். கடைசி வரியும் விழுந்ததும் படித்தேன். சம்பத் என்று இருந்தது.

"இன்னா சார் இது?" சம்பத்தே எழுந்துவிட்டார். "எனக்கு சத்தியமாத் தெரியாதுங்க."

"வரவேற்பு மாதிரி... சும்மா போட்டு வெச்சேன்..." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு அழுகை முட்டியது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. "பரீட்சைக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்க. பண்ணிட்டுப் போங்க சார். ஆனா நீங்க எழுதின பேரைக் காட்டுறதுக்குக்கூட நான்தான் வேண்டியிருந்துச்சு."

"நியாயம்னு ஒண்ணு கீது சார். வேலை அவங்களுது," என்றார் சம்பத்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாளையிலேர்ந்து..." என்று இழுத்தார்.

"நாளைக்கு இன்னாத்துக்கு சார்? நாலு மணி பேட்ச் வந்து குந்தினு கீது."

வகுப்புக்குள் போனேன். கரும்பலகையின் மூலையில் இன்ஸ்ட்ரக்டர் என்பதற்கு நேரே ஒரு வருஷமாக பால்ராஜ் என்றே இருந்தது. அதை அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன். யாரையும் கேட்கவில்லை.