கடலடியால் வந்த கார்

மெல்ரோய் துபாய் விமான நிலையத்தில் சாவியோடு விட்டுவிட்டு வந்த வெள்ளைக் கார், மூன்று வருடம் கடலடியால் ஓடி, போன ஐப்பசியில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. முதலில் கண்டவர்கள் சாம்பல்தீவு மீனவர்கள். தண்ணீருக்கடியில் இரண்டு விளக்குகள் தெற்கே போவதைப் பார்த்து, மீன் கலைகிறதே என்று ஏசினார்கள். பிறகு கட்டைபறிச்சான் பக்கம் வலையில் காரின் ரப்பர் கால்மிதி ஒன்று வந்தது. துறைமுகத்துச் சனம் இதற்கெல்லாம் அசருகிற சனமில்லை. பாரை மீன் என்ன விலை என்று கேட்கிற மூச்சிலேயே, கார் எதுவரை வந்துவிட்டது என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

யாருடைய கார் என்று மெல்ரோய்க்கு மட்டும் தெரியும். அங்கே வேலை போனதும், கார்க் கடனையும் கடனட்டைக் கடனையும் கட்ட வழியில்லாமல், பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் உடுத்த உடுப்போடு விமானம் ஏறியவன் அவன். மனைவி தினுஷாவிடம் ஒப்பந்தம் முடிந்தது, காரை விற்றாயிற்று என்றுதான் சொல்லியிருந்தான். இப்போது மீன் ஏற்ற லொறி வாங்குவதற்கு இங்கே ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தான். வெளிநாட்டில் பட்ட கடன் இங்கே தெரியவருமா என்று யாரோ நண்பனுக்காகக் கேட்பதுபோலக் கேட்டும் பார்த்தான். அந்த நாட்டுப் பதிவு அந்த நாட்டோடு, உங்கள் நண்பருடைய பெயர் இங்கே சுத்தம்தான் என்று சிரித்தார் அதிகாரி சிவகுருநாதன். கடனுக்கு ஈடு தினுஷாவின் சீதன வீடு. திங்கட்கிழமை அவள் கையெழுத்து வைக்க வேண்டும்.

வியாழனன்று கார் துறைமுக வாய்க்குள் நுழைந்தது. வெள்ளியன்று அதன் வானொலி கேட்கத் தொடங்கியது. யார் வீட்டில் இப்படிச் சத்தமாக அரபுப் பாட்டுப் போடுகிறார்கள் என்று குசினிக்குள் சமைத்தபடி தினுஷா கேட்க, மெல்ரோய் எழும்பி ஜன்னலைச் சாத்தினான்.  நாய் குரைத்தாலும் வாசல் படலைக்கு ஓடினான். திங்கள் வரை கார் கடலுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தான். எந்த அந்தோனியார் இதற்கு உடன்படுவார்! மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெழுகுதிரிக் காசாவது மிஞ்சியிருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து இருவரும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, கார் உட்துறைமுக வீதிக்கு ஏறியது. றோட்டில் படுத்திருந்த மான்கள் எழும்பி வழிவிட்டன. நாலு சில்லிலும் சிப்பி ஒட்டியிருக்க, தானே கண்ணாடி துடைத்தபடி வந்து, தினுஷாவின் படலைக்கு நேரே நின்றது. இயந்திரம் மட்டும் நிற்கவில்லை. யாரோ வழி தவறி வந்திருக்கிறார்கள் என்று மெல்ரோய் சொல்லிப் பார்த்தான். தினுஷா கிட்டப் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள், ஓட்டுகிற இருக்கையில் ஆளில்லை. முன்கண்ணாடியில், அவள் தன் கையால் மணி கோத்துத் தபாலில் அனுப்பிய மடு மாதா படம் ஆடிக்கொண்டிருந்தது.

“வித்திட்டனெண்டுதானே சொன்னனீங்கள்?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான்.  அவமானத்தில் அவள் முகத்தைப் பார்க்க ஏலாமல் சில்லைப் பார்த்துச் சொன்னான்.

“அங்கத்தைய கடன் இஞ்ச வராதெண்டு வங்கியில சொன்னவை.”

“வங்கிக்கு வராது. எனக்கு வந்திட்டுது.” அவள் கதவைத் திறந்து மாதா படத்தைக் கழற்றி எடுத்தாள். “இது வராட்டி, நாளைக்கு என்னைக் கையெழுத்து வைக்க விட்டிருப்பீங்கள், என்ன?”

பொய் சொல்ல இன்னுமொரு இடமிருந்தது. அவன் சொல்லவில்லை.

“ஓம்,” என்றான்.

திங்கட்கிழமை அவள் கையெழுத்து வைக்கவில்லை. மெல்ரோய் கிண்ணியாவில் மீன் முதலாளி ஸெய்னுதீனுடைய லொறியைச் சம்பளத்துக்கு ஓட்டப் போனான். அங்கத்தைய கடனுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறான். ஒவ்வொரு தவணைக்கும் கார் கடலை நோக்கி ஒரு முழம் பின்வாங்கும். காய்ச்சலில் கிடந்து தவணை தப்பிய மாதம் மறுபடி படலையில் வந்து முட்டி நின்றது. அயலவர்கள் அதைச் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். அதன் இயந்திரச் சூட்டில் யாரோ கருவாடு காயவைக்கிறார்கள். தினுஷாவும் அவனுக்கு முன்போலவே சோறு போடுகிறாள், முன்போலவே சிரிக்கிறாள். வீட்டு உறுதிப் பத்திரத்தை மட்டும் பாலையூற்றில் தன் தாய் வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். கார் முழுக்கக் கடலுக்குள் இறங்கிவிட்டால் உறுதியை எடுத்து வருவாயா என்று அவன் இதுவரை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.