பரவையில் இறங்கிய பெஞ்சு

எழுபத்தொன்பதில், ஆரப்பாளையம் லாட்ஜ் மாடியில் மலையம்மாள் எந்த ஆங்கிலச் சொல்லை விளங்கவைத்தாலும் அந்தப் பொருள் அறைக்குள் வந்துவிடும். கம்பளி விற்க வந்து தங்கியிருந்த வடக்கத்திக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இந்தி தெரியாது; கையைக் காலை ஆட்டித்தான் ஆங்கிலப் பாடம். 'கிளவுட்' என்றாள், விட்டத்தில் மேகம் முட்டி நின்றது. 'மங்கி' என்றாள், குரங்கு வந்து அவர்களில் மூத்தவரான மாங்கிலாலின் போர்வையைக் கிழித்தது. லாட்ஜ்காரர் குரங்கைக் கீழே கட்டச் சொன்னார். மற்றபடி யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

'ஈக்வல்' மட்டும் வரவில்லை. இரண்டு குச்சிகளை ஒட்டவைத்துக் காட்டினாள், தராசு வரைந்து காட்டினாள், மாங்கிலால் முழித்தார். மலையம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. எப்படி வரும்? சொந்த ஊரான பரவையில் பேயாண்டியின் டீக்கடையில் அவள் அப்பா சின்னானுக்குக் கூரையில் செருகிய அலுமினிய டம்ளர்தான். தரையில் குந்திக் குடித்து, கழுவி, திரும்பச் செருகிவிட்டுப் போகவேண்டும். மகள் நாகமலை புதுக்கோட்டையில் எம்.ஏ. முடித்தும் அந்த டம்ளர் மாறவில்லை. தூ, இதுவும் ஒரு பிழைப்பா.

மறுநாள் காலை அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றிப் பரவைக்குக் கூட்டிப்போனாள். நேற்று முளைத்த கம்பளிக்காரர்களுக்குப் பெரிய வீட்டுக்காரர்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பேயாண்டி கண்ணாடிக் கிளாசில் டீ கொடுத்தார். சின்னான் வழக்கம்போல் கீழே குந்தியிருந்தார். மலையம்மாள் பெஞ்சைக் காட்டினாள், தரையைக் காட்டினாள், "நாட் ஈக்வல்" என்றாள்.

"வேணாம் தாயி," என்றார் சின்னான். "இவுக வயல்லதான நாளைக்கு வேலைக்குப் போகணும்."

"எம்புட்டு நாளைக்குப்பா இப்படிக் குந்துவ? எனக்கு வயிறு எரியுது."

அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. பெஞ்சு ஆட்களோடு மண்ணுக்குள் இறங்கி, எல்லோர் தோளும் சின்னான் தோளுக்கு நேராக வந்ததும் நின்றது. மாங்கிலால் பக்கத்திலிருந்த தோளைப் பார்த்தார், புரிந்ததென்று தலையாட்டினார். பேயாண்டியை ஆயுள் முழுக்கச் சாமி என்றே கூப்பிட்ட சின்னான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணே, கிளாசுல ஒரு டீ."

பேயாண்டி கிளாசை அலசி, டீ ஊற்றிக் கொடுத்தார்.

அந்தப் பெஞ்சைத் தோண்டி எடுத்துப் போட்டார்கள், இறங்கியது. புதுசாகப் பூவரசில் செய்து போட்டதும் இறங்கியது, கல் பலகையும் இறங்கியது. சின்னானுக்குச் சமமாக உட்கார மனசு வராத பெரிய வீட்டுக்காரர்கள் மூட்டுவலியோடு நின்றுகொண்டே குடிக்கப் பழகினார்கள். எண்பத்தைந்தாம் வருஷத்திலும் நின்றார்கள். சின்னான் தினமும் வந்து உட்கார்ந்து, கிளாசை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, கழுவாமல் வைத்துவிட்டுப் போனார்.